வெட்டாத பிரதி

ஆசிரமத்துக்கு வந்த சிதம்பரதாணு கையிலிருந்த துணிப்பொதியைக் கீழே வைக்கவே இல்லை. ஓய்வுபெற்ற தாசில்தார். அங்குள்ள சாமியைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் சாமிக்குச் சீடர்.

பொதிக்குள் ‘உள்பொருள் விளக்கம்’, முதல் பதிப்பு. அந்த நூல் வந்த பிறகுதான் நம் பண்டிதர்கள் தத்துவத்துக்காகத் தமிழிலேயே சண்டை போடத் தொடங்கினார்கள். முதல் பதிப்பில் மிஞ்சியது இந்த ஒரு பிரதிதான் என்று சிதம்பரதாணு நம்பினார். அதிலும் இது வெட்டாத பிரதி. அச்சடித்த தாளை மடித்துத் தைத்து அப்படியே விற்ற காலம் அது. வாங்கியவர்தான் மடிப்புகளைக் கத்தியால் பிரித்துப் படிக்க வேண்டும். நூற்றிருபது வருஷமாக இதை யாரும் பிரிக்கவில்லை; அதனாலேயே பழைய புத்தகம் சேர்ப்பவர்களிடம் இதற்குப் பெரிய விலை.

அதுவே அவர் நிம்மதியைக் கெடுத்தது. கரையானுக்குப் பயம், மழைக்குப் பயம், எல்லாவற்றையும்விடத் திருடனுக்குப் பயம். ஆறு வருஷமாக வெளியூர் போனதில்லை. நாக்பூரில் மகள் வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்து, அதற்கு முதல் பிறந்தநாளும் வரப்போகிறது. பேத்தியைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார், பாவம். இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள்.

பத்து நாள் மட்டும் புத்தகத்தை வைத்திருக்க முடியுமா என்று சாமியிடம் கேட்டார்.

“வைச்சுக்கிறேன். ஆனா எங்கிட்ட இருந்தா படிப்பேன்.”

“படிக்கணும்னா வெட்டணுமே, சாமி.”

“வெட்டுவேன்.”

சிதம்பரதாணுவுக்கு வியர்த்துவிட்டது. தானே இதுவரை வெட்டியதில்லை என்றார். டார்ச் அடித்து இடுக்கு வழியாகப் பார்த்ததில் சில வரிகள் தெரிந்தனவாம், அதுவே போதுமாம். வெட்டாமல் காப்பாற்றித் தரக் கூடாதா என்று கெஞ்சினார்.

“அதுக்கு நீங்களே வீட்ல இருந்துடலாமே” என்றார் சாமி.

சிதம்பரதாணு எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார். கடைசியில் பொதியை நீட்டினார்.

“வெட்டிக்கோங்க.”

தான் கிளம்பிய பிறகுதான் வெட்டுவார் என்று அவர் நினைத்திருந்தார். சாமியோ சமையற்கட்டிலிருந்து காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து, அவர் கண்ணெதிரிலேயே முதல் மடிப்பில் செருகி இழுத்தார். பழைய தாள் தாங்கவில்லை. கிழிசல் கோணலாக ஓடி எழுத்தில் போய் நின்றது.

சிதம்பரதாணு “போச்சே சாமி, கெட்டுப்போச்சே” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாமி கிழிந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஆமா, கெட்டுத்தான் போச்சு. இனிமே இதைத் திருட எவனும் வர மாட்டான். பேத்தியைப் போய்ப் பாருங்க.”