ஆட்சேபணைக்கு வெற்றிலை பாக்கு

வெள்ளைக்காரர்கள் கப்பலேறாமல், இந்த ஊர்ச் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்கே போவது என்று இங்கேயே தங்கிவிட்டார்களே, அந்தக் காலத்தில் நடந்தது இது. அவர்கள் வழக்கமும் நம் வழக்கமும் சரிபாதி கலக்காத கல்யாணம் செல்லாது என்று சட்டம் வேறு. மரியாதை என்றால் அவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், நாம் செருப்பைக் கழற்றுவோம். ஆகவே ஆமணக்கம்பட்டி ஜனங்கள் பாதித் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, வலது செருப்பை மட்டும் கழற்றி, மரியாதையாக நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் உடையப்பனின் ஒரே மகள் வேலாத்தாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. உடையப்பனுக்கு ஒரே பயம், முகூர்த்தம் தப்பக் கூடாது. மாப்பிள்ளை செங்கோடனின் அம்மா பாவாயி, பால் ஆறிப்போயிருந்தது என்பதற்காகப் போன வருஷம் ஒரு சம்பந்தத்தையே முறித்தவள்.

தாலி கட்டுமுன், கல்யாணம் செல்லுமா என்று தீர்ப்புச் சொல்லும் பார்னபி துரை வந்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். அது கல்யாணத்தில் அவர்கள் வழக்கத்தின் பங்கு. அதைப் பற்றி ஊர்ச் சாவடியில் யோசனை நடந்தது.

"பெரிய மனுஷன் வாய்விட்டுக் கேக்கறாரு. இல்லைன்னு சொன்னா முகம் வாடிராதா?" என்றார் உடையப்பன்.

"மோர் கேட்டாலே இல்லைன்னு சொல்லாத ஊரு இது," என்றான் அவர் மனைவியின் தம்பி பொங்கியண்ணன். "ஆனா மச்சான், மொத ஆட்சேபணை தாய்மாமனுக்குத்தான். அதை வேற எவனாவது சொன்னா நான் பந்தல்ல கால் வைக்க மாட்டேன்."

"உன்னை விட்டுட்டுச் செய்வேனா மாப்ளே? நல்லதாப் பாத்து ஒண்ணு சொல்லு."

மறுநாளே உடையப்பன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "குடும்பத்தோட வந்திருந்து ஆட்சேபிச்சுக் குடுக்கணும்," என்று அழைத்துவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று துரை வந்தார். பட்டு வேட்டி, மேலே கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. வலது பூட்ஸைக் கழற்றிவிட்டு மணவறைப் பக்கம் நின்று கேட்டார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்காகக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டார்.

பொங்கியண்ணன் எழுந்து துண்டை உதறினான். "எனக்கு உண்டுங்க. மாப்பிள்ளைக்கு இடது காது பெருசு."

"அது தீராமல் தாலி கட்டக் கூடாது," என்றார் துரை வருத்தத்தோடு.

ஊர் கூடி யோசித்து, இரண்டு காதையும் மூடி மாப்பிள்ளைக்கு ஒரு பெரிய தலைப்பாகை கட்டியது. அது கண்ணையும் சேர்த்து மூடியது. கண்ணைப் பற்றி யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அடுத்து உடையப்பனின் பங்காளி ஒருவர் எழுந்தார். "காதை அவனுக்குக் குடுத்துட்டீங்க. எனக்கு உசரந்தான் மிச்சம். பொண்ணு உசரம்." மாப்பிள்ளையைத் தூக்கி உரல்மேல் உட்கார வைத்தார்கள்.

பாவாயி முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "ஏனுங்க சம்பந்தி, எல்லாம் உங்காளுகளே சொல்லிட்டா நாங்க என்ன வழிப்போக்கருங்களா? எங்க பக்கத்துக்கு ஒண்ணுகூட வேண்டாமா?"

"சொல்லுங்கம்மா, தாராளமா."

"மாப்பிள்ளைக்குச் சூதுவாது தெரியாது. சுத்த அசடு," என்றாள் அவள், பெற்ற பிள்ளையைப் பற்றி. இரண்டு பக்கமும் பலமாகத் தலையாட்டியது. ஆனால் அதற்குத் தீர்வு என்ன என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

பந்தக்கால் நிழல் சுருங்குவதைப் பார்த்துச் சோசியர் நெளிந்தார். உடையப்பன் பந்தல் நடுவுக்கு ஓடிவந்தார். "சாமிகளா, போதும். மிச்சத்தைப் பந்தியில சொல்லிக்கலாம்," என்று கும்பிட்டார்.

"வெத்திலை வெச்சுக் கூப்புட்டுட்டு இப்ப வாயை மூடுன்னா எப்படி?" என்று பின்வரிசை மொத்தமும் எழுந்து ஒற்றைச் செருப்பைத் தேடியது.

அந்தச் சந்தடியில் வேலாத்தாள் மெதுவாக, "துரை, எனக்கு ஒண்ணு இருக்குதுங்க," என்றாள்.

அவளை யாரும் வெற்றிலை வைத்து அழைத்திருக்கவில்லை. துரை திகைத்துப்போய், காதைக் கொடுக்க அவள் பக்கம் குனிந்தார்.

நாதஸ்வரக்காரருக்கு அதற்குமேல் மூச்சு தாங்கவில்லை. வெடித்துவிட்டது. தவில் சேர்ந்துகொண்டது. கெட்டிமேளம் கேட்டால் கட்ட வேண்டும் என்பது மட்டும் செங்கோடனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. உரல்மேலிருந்து குனிந்து, கைக்குத் தட்டுப்பட்ட கழுத்தில் மூன்று முடிச்சும் போட்டான். கழுத்து இரண்டு தட்டுப்பட்டது. இரண்டையும் சேர்த்துக் கட்டினான்.

அட்சதை விழுந்தது. நேரம் தப்பவில்லை என்று சோசியர் பெருமூச்சு விட்டார்.

கயிற்றுக்குள்ளிருந்த துரை நெடுநேரம் யோசித்தார். "செல்லும்," என்றார். "இந்த ஜில்லாவில் இவ்வளவு சரிபாதியாக யாரும் கலந்ததில்லை."

வேலாத்தாளுக்கு மூச்சு முட்டியது. "நான் சொல்ல வந்ததுங்க..."

"இனி நேரமில்லை அம்மா. தாலி ஏறிவிட்டது."

பந்தி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது பாவாயி ஒரு சந்தேகம் கேட்டாள். விளக்கேற்ற வேண்டியது மூத்த மருமகள் அல்லவா, இதில் மூத்தது யார்?

ஊர் யோசித்து, வயதைப் பார்த்தால் துரைதான் என்று தீர்த்தது.

உடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியருகே வந்தார். துரையின் தலையைத் தடவிக் கொடுத்து, "போற எடத்துல நல்ல பேரு எடுக்கோணும் கண்ணு. மாமியாரை எதுத்துப் பேசிராதே," என்றார்.

துரை பூட்ஸ் இல்லாத வலது காலை முதலில் எடுத்துவைத்து வண்டியேறினார்.

"சரிங்கப்பா," என்றார்.