நெளிந்த பக்கம்

"சார், இது அசலா, டூப்பா? அத மட்டும் சொல்லுங்க."

ஆவுடையப்பன் செல்போனை நீட்டினார். பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எதிரே உட்கார்ந்திருந்த கிதியோன் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர், வயதில் இவருக்கு இளையவர். ஆனாலும் காசு விஷயத்தில் இவருக்கு அவர்தான் குரு.

திரையில் ஒரு சதுரச் செப்புக் காசு. பாண்டியர் காலத்தது என்று போட்டிருந்தது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மீன். ஆன்லைன் ஏலம். சாயங்காலம் முடிகிறது.

கிதியோன் போனைக் கையில் வாங்கவில்லை.

"வாங்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா அண்ணாச்சி?"

"பண்ணியாச்சு."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கீங்க?"

கேள்வி நியாயம்தான். ஆவுடையப்பனின் பயம் வேறு.

ஊரில் பழங்காசு சேர்ப்பவர்கள் மாதாமாதம் கூடுவார்கள். அவர் புதிதாகச் சேர்ந்தபோது ஒருவர் ஆசையாய் ஒரு செப்புக் காசு கொடுத்தார். இவர் அதைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி மின்ன வைத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனார். பழங்காசுக்கு மதிப்பே காலம் ஏற்றி வைத்த பச்சைதான்; அது ஒரே கழுவலில் போயிருந்தது. அன்றிலிருந்து அவர் புளி அண்ணாச்சி.

அப்புறம் ஆன்லைனில் ஒன்று வாங்கினார். அதை வெல்வெட் துணியில் வைத்து எடுத்துப் போனார். அச்சில் ஊற்றி வார்த்த போலி. அசலைத் தேய்த்த மனிதர், போலியைப் பொத்தி வைத்திருந்தார்.

இன்னொரு தடவை ஏமாந்தால் அந்தப் பக்கமே போவதில்லை என்றிருந்தார். கடைக்கு வெளியே அவருக்கு இருந்த சிநேகமெல்லாம் அந்தக் கூட்டம்தான். இதைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போனது.

கிதியோன் சிரிக்கவில்லை.

"அந்த டூப்பு இப்ப எங்க?"

பர்சில் இருந்தது. கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் புத்தி வரும் என்று வைத்திருந்தார்.

"எடுங்க. நீங்க அத விக்கப் போறீங்க."

"நான் அப்பேர்ப்பட்ட ஆள் இல்ல சார்."

"விக்க வேண்டாம். விக்கிறவன் மாதிரி படம் மட்டும் எடுங்க. பாக்கிறவன் கேள்வி கேக்காம வாங்கணும்."

சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஏலம் ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் என்னடாவென்றால் விளையாட்டுக் காட்டுகிறார். ஆவுடையப்பன் முனகிக்கொண்டேதான் எடுத்தார்.

வெளிச்சத்தில் வைத்தால் பளபளப்பு காட்டிக் கொடுத்தது. சன்னல் நிழலுக்கு நகர்த்தினார். அப்படியும் புதுசாகத் தெரிந்தது. பூந்தொட்டி மண்ணை ஒரு சிட்டிகை தூவினார். பரவாயில்லை.

ஓரம்தான் மக்கர் செய்தது. வார்ப்பின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் சன்னமாக ஒரு கோடு. சுத்தியலால் அடித்துச் செய்த அசல் காசில் அது இருக்காது. போன தடவை கிதியோன்தான் தொட்டுக் காட்டியிருந்தார்.

கடையில் நெளிந்த குடத்தை எப்படி வைப்பது என்று யாரும் ஆவுடையப்பனுக்குச் சொல்லித்தர வேண்டாம். நெளிசல் சுவரைப் பார்க்கும், நல்ல பக்கம் தெருவைப் பார்க்கும். கை தானாக வேலை செய்தது. காசைச் சாய்த்துப் பிடித்து, கோட்டின் மேல் கட்டைவிரலைப் போட்டார்.

"எப்படி சார்?"

கிதியோன் எட்டிப் பார்த்தார். "நானே வாங்கிருவேன் போலிருக்கே."

ஆவுடையப்பன் அன்று முதல்தடவையாகச் சிரித்தார்.

"இந்த விரல் எதுக்கு அண்ணாச்சி?"

"கோடு தெரியக் கூடாதுல்லா."

"சரி."

மறுபடி விடைத்தாள்.

"சார், நேரமாகுது. நம்ம காசு?"

"பாருங்க."

"ஒரு வாரமா அதத்தான பாக்கேன்."

"என்ன பாத்தீங்க?"

"யானை. மீனு."

சிவப்புப் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் போனை எடுத்தார். முதல் படம், யானை. அடுத்தது, மீன். மூன்றாவதை விரித்துப் பெரிதாக்கினார்.

சன்னல் நிழல். கொஞ்சம் மண். காசைச் சாய்த்துப் பிடித்திருக்கும் ஒரு கை.

இத்தனை நாளில் அங்கே ஒரு கை இருப்பதே அவர் கண்ணில் படவில்லை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. அடுத்த படத்திலும் அதே கட்டைவிரல், ஓரத்தின் மேல்.

பிறகு விற்கிறவனுக்கு ஏதோ தட்டி அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன எழுதினீங்க?"

"விரல எடுத்துட்டு ஒரு படம் போடச் சொல்லி."

"போடுவானா?"

ஆவுடையப்பன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். தொட்டி மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"நான் போட மாட்டேன்."