கொம்பையாவின் வாலும் கீரியின் தும்மலும்

ஈச்சங்காட்டில் மிருகங்களுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குக் கொம்பையா என்ற கருமந்திதான் கேப்டன்.

அணியில் மொத்தம் ஏழு பேர். காட்டெருமை, கடமான், மலையணில், நாரை, நம்ம கொம்பையா, ஆக ஐந்து பேர் களத்தில். சிங்காரம் என்ற கீரியும் அய்யாக்கண்ணு என்ற அழுங்கும் வெளியே பெஞ்சில். அழுங்கு என்றால் தெரியுமல்லவா? உடம்பெல்லாம் செதிலாக, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அந்த எறும்புத்தின்னிதான். அய்யாக்கண்ணு எம்பிக் குதித்தாலும் காட்டெருமையின் முழங்காலைத் தாண்டமாட்டான். அதனால் மூன்று வருஷமாக பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மைதானத்தின் இரண்டு பக்கமும் இரண்டு தேக்குமரம். அதில் அடியில்லாத மூங்கில் கூடை கட்டியிருக்கும். ரப்பர் மரத்துப் பாலை உருட்டிக் காயவைத்ததுதான் பந்து. கொம்பையாவுக்கு அந்த மைதானம் என்றால் உயிர். அவன் சாப்பிட்டது, தூங்கியது, முதல்முதலாகப் பல்லை உடைத்துக்கொண்டது எல்லாம் அங்கேதான்!

அந்த வருஷம் சீசன் ஆரம்பிக்கும் முன்பு கல்லூரி முதல்வர் வேதவல்லி அம்மா அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஒரு பெரிய பெண் யானை. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

"கொம்பையா, மூணு வருஷமா கோப்பைன்னு ஒண்ணு என் கண்ணுல படலை. மயில்கள் நடனம் ஆட இடமில்லாம சேத்துல ஆடுதுங்க. இந்த வருஷமும் நீங்க தோத்தா அந்த மைதானத்தை மயில்களுக்குக் கொடுத்துடுவேன்!"

"அம்மா! அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா!"

"ஜெயிச்சுட்டு வா. அப்புறம் நான் ஏன் சொல்லப்போறேன்?"

கொம்பையாவுக்கு அது கடைசி வருஷம் வேறு. அன்று சாயங்காலம் மற்றவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகும் அவன் மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தான். அப்போது அய்யாக்கண்ணு மூக்கால் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டீங்களே?"

"சொல்லித் தொலை!"

"நாம போன வருஷம் தோத்தது எல்லாம் தனி வீச்சுலதான் அண்ணே."

எதிரணிக்காரன் இடித்துத் தள்ளினால் நடுவர் தனி வீச்சு கொடுப்பார். கோட்டில் நின்று நிதானமாகக் கூடையில் போடலாம். யாரும் குறுக்கே வரக்கூடாது. விழுந்தால் ஒரு புள்ளி. சின்னக் குட்டிகூடப் போட்டுவிடும் என்பார்கள். நம்ம கொம்பையாவுக்கு மட்டும் அது வராது.

"ஏன்னு கவனிச்சீங்களா அண்ணே? பதட்டம் வந்தா உங்க வால் மேலே தூக்கிக்குது. வால் தூக்கினா உடம்பு சாயுது. உடம்பு சாஞ்சா பந்து இடது பக்கம் போகுது."

கொம்பையா திரும்பித் தன் வாலைப் பார்த்தான். அது அப்போதே பாதி தூக்கிக்கொண்டுதான் நின்றது!

அன்றிலிருந்து தினமும் நூறு வீச்சு. கொம்பையா கோட்டில் நிற்பான். அய்யாக்கண்ணு பின்னால் வந்து அவன் வால் நுனியை மிதித்துக்கொள்வான். பந்து கையைவிட்டுப் போனதும் குடுகுடுவென்று ஓடிப்போய் உருட்டிக்கொண்டு வருவான். மறுபடி வாலை மிதிப்பான்.

"ஐயோ, வலிக்குதுடா!"

"வலிக்கட்டும் அண்ணே. இன்னும் முப்பத்தாறு இருக்கு!"

மழைக்காலம் பூராவும் இப்படியே போயிற்று. கடைசியில் அழுங்கு மிதிக்காமலேயே வால் தரையில் கிடக்கப் பழகிவிட்டது.

சீசன் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் காட்டுப்பன்றிகளோடு. கடைசி நிமிஷம், இரண்டு பக்கமும் சமம். ஒரு பன்றி வந்து கொம்பையாவை மோதியது. நடுவர் மரங்கொத்தி 'டக் டக்' என்று மரத்தைக் கொத்தித் தனி வீச்சு கொடுத்தார். கொம்பையா கோட்டில் நின்று பந்தைத் தூக்கினான். சரியாக அந்த நேரம் பார்த்து பெஞ்சில் இருந்த கீரி சிங்காரம்,

"ஹ...ஹ...ஹச்சூ!"

பந்து போய்க் கூடைக்குள் விழுந்தது. ஈச்சங்காடு ஜெயித்துவிட்டது!

ஊர் உலகத்தில் கிளம்பும்போது யாராவது தும்மினால் ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். தும்மல் அவ்வளவு கெட்ட சகுனம். நம்ம கொம்பையாவுக்கோ அது தலைகீழாகப் பட்டது.

"டேய் சிங்காரம்! உன் தும்மல்ல என்னமோ இருக்குடா!"

சிங்காரம் முதலில் திருதிருவென்று விழித்தான். அவனுக்கு ஜலதோஷம், அவ்வளவுதான். ஆனால் கேப்டன் தோளில் கை போட்டுப் பேசியதும் அவனுக்கும் சந்தேகம் வந்தது. 'ஒருவேளை இருக்குமோ?' என்று நினைத்தான். மறுநாள் 'இருக்கும்' என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் அவனுக்குச் சந்தேகமே இல்லை!

இரண்டாவது ஆட்டத்திலும் தனி வீச்சு வந்தது. அவன் தும்மினான், பந்து விழுந்தது. மூன்றாவது ஆட்டத்துக்குள் ஜலதோஷம் குணமாகிவிட்டது. என்ன செய்வது? மலையணில் ஓடிப்போய்க் கொடியிலிருந்து மிளகு பறித்து வந்தது. இடித்து மூக்கில் காட்டினார்கள். "ஹச்சூ!" மறுபடி வெற்றி!

அப்புறம் கேட்க வேண்டுமா? சிங்காரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பெஞ்சில் அவனுக்கு மட்டும் இலவம்பஞ்சு மெத்தை. போகும்போதும் வரும்போதும் காட்டெருமை முதுகில் சவாரி. சாயங்காலம் ஆனால் அணி முழுக்க மிளகு பறிக்கப் போனது. பயிற்சிக்கு ஏது நேரம்?

அய்யாக்கண்ணு மட்டும் பந்தை வைத்துக்கொண்டு மைதானத்தில் காத்திருந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நூறு?"

"நாளைக்குப் பார்க்கலாம்டா. மிளகு காயணும், மேகம் வேற கறுக்குது."

நான்காவது ஆட்டம் முடிந்ததும் சிங்காரம் மெத்தையில் சாய்ந்தபடி ஒரு குறை சொன்னான்.

"கேப்டன், இந்த அழுங்குப் பய பக்கத்துல உட்கார்ந்தா எனக்குத் தும்மல் சரியா வரமாட்டேங்குது. எறும்பு வாடை அடிக்குது."

கொம்பையா தலையைச் சொறிந்தான். அவனுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் மைதானம் போய்விடுமே என்ற பயம் பெரிதாக இருந்தது. அய்யாக்கண்ணுவிடம் போய், அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"தம்பி, சீசன் முடியிறவரைக்கும் நீ அந்த வேலிக்கு அந்தப்பக்கம் உட்காரேன்."

"சரி அண்ணே."

"தப்பா நினைச்சுக்காதே!"

"இல்லை அண்ணே." அழுங்கு இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தான். "வாலை மட்டும் பார்த்துக்குங்க."

சொல்லிவிட்டு வேலிக்கு வெளியே போய்ச் சுருண்டுகொண்டான்.

ஐந்தாவது ஆட்டத்தில் பந்து கூடையின் விளிம்பில் முட்டி உள்ளே விழுந்தது. அரையிறுதியில் விளிம்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, போனால் போகிறது என்று விழுந்தது. நாரை நீளமான கழுத்தைத் தாழ்த்திக் கேட்டது.

"கேப்டன், பந்து கொஞ்சம் இடது பக்கமா போகுதோ?"

"தும்மல் கொஞ்சம் சின்னதா போச்சு, அதான்! நாளையிலேர்ந்து மிளகு ரெண்டு மடங்கு!"

இறுதி ஆட்டம் வந்தது. எதிரணி ஆற்றங்கரைக் கல்லூரி நீர்நாய்கள். வழுவழுவென்று வழுக்கிக்கொண்டு ஓடும் பயல்கள். காடே திரண்டு வந்திருந்தது. முதல்வர் அம்மா முன்வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் மயில்கள் வரிசையாக நின்று இப்போதே மைதானத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்கக் கொம்பையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் கடைசி வரைக்கும் இழுத்தது. நீர்நாய்கள் நாற்பத்திரண்டு, ஈச்சங்காடு நாற்பத்தொன்று. கொம்பையா பந்தோடு பாய்ந்தான். ஒரு நீர்நாய் குறுக்கே வந்து இடித்தது. டக் டக்! மரங்கொத்தி இரண்டு தனி வீச்சு கொடுத்தார். அத்தோடு ஆட்ட நேரமும் முடிந்தது. இரண்டும் விழுந்தால் கோப்பை. ஒன்று விழுந்தால் சமம், கூடுதல் நேரம் ஆடலாம். இரண்டும் போனால் எல்லாம் போச்சு.

கொம்பையா கோட்டில் நின்று பெஞ்சைப் பார்த்தான்.

சிங்காரம் மிளகை முகர்ந்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு கை நிறைய அள்ளி முகர்ந்தான். ம்ஹூம்! வாரக்கணக்கில் மிளகிலேயே புரண்ட மூக்கு. அதற்கு மிளகு பழகிப்போய்விட்டது.

"தும்முடா!" என்று கத்தினான் கொம்பையா.

"வரமாட்டேங்குதே கேப்டன்!"

மலையணில் சூரியனைப் பார்க்கச் சொன்னது. கடமான் பூந்தாதைக் கொண்டுவந்து ஊதியது. கீரி கண்ணீர் விட்டானே தவிரத் தும்மவில்லை. மரங்கொத்திக்குப் பொறுமை போயிற்று.

"பத்து கொத்துக்குள்ள எறியணும்! இல்லேன்னா வீச்சு செல்லாது!" என்று சொல்லிவிட்டுக் கொத்த ஆரம்பித்தார். "டக்! டக்! டக்!"

ஒன்பதாவது கொத்தில் கொம்பையா கீரியைப் பார்த்தபடியே எறிந்தான். பந்து கூடையைத் தொடவேயில்லை. கூட்டம் "அச்சச்சோ!" என்றது. மயில் ஒன்று தோகையை லேசாக விரித்துப் பார்த்துக்கொண்டது.

இன்னும் ஒரே ஒரு வீச்சு. மறுபடி கொத்து ஆரம்பித்தது. நாரை தன் சிறகிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கிக் கீரியின் மூக்குக்குள் விட்டு ஆட்டியது. கீரியின் முகம் கோணியது. காது விடைத்தது. வாய் பிளந்தது.

"ஹ...ஹ...ஹ...ஹச்ச்ச்சூ!"

அப்படி ஒரு தும்மலை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை. மிளகுத் தூள் புகையாகக் கிளம்பியது. மெத்தை பிய்ந்து பஞ்சு பறந்தது. "நூறாயுசு!" என்று கூட்டம் கத்தியது.

கொம்பையாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! இது விழுந்தால் சமம், கூடுதல் நேரத்தில் ஜெயித்துவிடுவோம், மைதானம் நம்முடையது! அந்தச் சந்தோஷத்தில் அவன் வால் கொடிக்கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "அண்ணே! வால்! வால்!"

அது அவன் காதில் விழுவதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருந்தது. உடம்பு சாய்ந்தது. பந்து இடது பக்கமாகப் போய், கூடையைத் தாண்டி, நேராக மயில்களின் காலடியில் விழுந்தது.

நீர்நாய்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் குதித்தன.

கொம்பையா பெஞ்சுக்குப் போனான். சிங்காரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் தும்மிட்டேன்பா," என்றான் கீரி. "என் வேலையை நான் செஞ்சாச்சு. மத்தது எனக்குத் தெரியாது!"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. கொம்பையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேதவல்லி அம்மா சொன்ன சொல்லை மாற்றவில்லை. மறுநாளே மைதானம் மயில்களுக்குப் போயிற்று. ஆனால் கொம்பையா தொங்கிய முகத்தோடு வந்து நின்றபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு கூடை அப்படியே இருக்கட்டும். மயில்கள் வர்றதுக்கு முன்னாடி, விடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஆடிக்கோ," என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் கொம்பையா முதலில் போனது வேலிக்கு அந்தப்பக்கம். அய்யாக்கண்ணு அங்கே சுருண்டு படுத்திருந்தான். கொம்பையா பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறினான்.

"தம்பி, நான் பண்ணது பெரிய தப்புடா."

அழுங்கு மெதுவாக ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டினான். "உங்களுக்குத்தான் இனி ஆட்டமே இல்லையே அண்ணே. படிப்பும் முடியப்போகுது."

"இல்லைதான். ஆனா ஜெயிச்ச ஆட்டத்தையெல்லாம் யாரு ஜெயிச்சுக் கொடுத்தான்னு இப்பத்தான்டா எனக்குப் புரியுது." கொம்பையா எழுந்து, பந்தை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நின்றான். வாலைப் பின்னால் நீட்டினான். "வந்து மிதிடா!"

அய்யாக்கண்ணு உடம்பை நிமிர்த்தி, குடுகுடுவென்று ஓடி வந்து மிதித்தான். ஒரு மாதத்து மிதியையும் சேர்த்து மிதித்தான் போலிருக்கிறது. "ஐயோ!" என்று கொம்பையா போட்ட சத்தத்தில் மரத்துக் கிளிகள் எல்லாம் பறந்தன. பந்து போய்க் கூடைக்குள் விழுந்தது.

நூறு முடிந்து இருவரும் கிளம்பும்போது மயில்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு நடுவில், புதிய மெத்தையில் சாய்ந்தபடி நம்ம சிங்காரம்!

"இங்க பாருங்க," என்று அவன் மயில்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "நீங்க ஆடினா மழை வருமா வராதாங்கிறது எனக்குத் தெரியாது. நான் தும்மினா நிச்சயமா வரும்!"

அதற்குள் இரண்டு மயில்கள் மிளகு பறிக்கக் கிளம்பியிருந்தன.

கூட இருந்து உழைத்தவரை வேலிக்கு வெளியே உட்காரவைத்துவிட்டுச் சகுனத்துக்கு மெத்தை போடுகிறவன், ஏன் ஜெயித்தோம் என்று தெரியாமலேயே ஜெயிப்பான், ஏன் தோற்றோம் என்பது மட்டும் அவனுக்குத் தோற்ற பிறகுதான் தெரியும்.