லைன் வீட்டு வாசலில் பங்களா பனை

“பனை செத்துப்போச்சு, தங்கச்சி. பிடுங்கிடவா?” என்று கேட்டார் மருதை.

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே முப்பது வருஷம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர் அவர். வேலைநிறுத்தத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லை.

அதன் பிறகு அவர் யோசனை கேட்பது ஒரே ஆளிடம்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் பூரணம். கொழுந்து பறிப்பவள், அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

துரை பங்களாவில் நிற்பது போன்ற குளிர் தாங்கும் பனை ஒன்றை, தோட்டம் கொடுத்த வரிசைக் குடியிருப்பில் தன் லைன் வீட்டு வாசலிலும் வைத்திருந்தார் மருதை. மூன்றாவது வருஷத்து உறைபனியில் ஓலையெல்லாம் கருகிவிட்டது.

“ஓலையை வெட்டிட்டீங்களா?”

“இல்ல.”

“நல்லது. குருத்துக்கு அதுதான் போர்வை. குருத்தை இழுத்துப் பாருங்க.”

இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை.

“செத்திருந்தா கையோட வந்திருக்கும். ஓலையைப் பார்த்துட்டு இழவு சொல்ல வந்துட்டீங்களே, அண்ணே.”

மருதைக்குச் சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசர் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

லைன் வாசலில் டேலியாப் பூச்செடி வைக்கலாம், மிளகாய் வைக்கலாம். மரம் கூடாது. மரம் வைத்தவன் நாளைக்கு மண்ணையும் கேட்பான் என்று நிர்வாகத்துக்குப் பயம். திங்கட்கிழமைக்குள் பிடுங்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

“செத்திருந்தா நிம்மதியா பிடுங்கியிருப்பேன்,” என்றார்.

“அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்களா?”

அவர் கடிதத்தை நான்காக மடித்தார்.

“கடிதாசியில யார் பேரு?”

“என் பேரு மட்டும்தான்.”

“இந்த லைன்ல எத்தனை வீடு?”

“பன்னிரண்டு.”

பூரணம் தன் வீட்டுக்குள் போனாள். பால்மாவு டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் விரல் உயரத்துக்கு ஒரு பனங்கன்று. பங்களா கேட் அடியில் உதிர்ந்த விதையில் முளைத்தவை.

மருதை எண்ணினார். பதினொன்று.

“எப்போ போட்டே?”

“நீங்க வச்சதுக்கு அடுத்த வருஷம். பனி தாங்குதான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

“மரமா, நானா?”

அவள் கடப்பாரையைத் தேடி எடுத்தாள்.

“முதல்ல யார் வீட்டு வாசல்ல நடலாம்?” என்றார் மருதை.

“சூப்பர்வைசரோட மச்சான் வீட்டுல.”

“அவன் விடுவானா?”

“விதை பொறுக்கினதே அவன் பொண்டாட்டிதான்.”