ஒரு பிடி மண்

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த குளத்தில் அக்காளும் தங்கையுமாக இரண்டு நண்டுகள் குடியிருந்தார்கள். மூத்தவள் லீதியாள். இளையவள் சூசன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்திலிருந்து காற்றில் வந்த பெயர்களில் பிடித்ததை எடுத்து வைத்துக்கொண்டவர்கள்.

கோடை தொடங்கியது. குளத்துத் தண்ணீர் தினமும் கொஞ்சம் இறங்கியது. அதற்கு ஈடாக நண்டும் தினமும் வளையை ஆழமாக்க வேண்டும். அடியில் ஈரம் இருக்கிறவரைக்கும்தான் நண்டுக்கு உயிர்.

காலை மணி அடித்ததும் லீதியாள், "கர்த்தாவே, இன்றைக்கும் என்னோடு இரும்" என்பாள். ஒரு பிடி மண்ணை எடுத்து வெளியே போடுவாள். பிறகுதான் இரை.

"சூசன்னா, எழுந்திரு! ஒரு பிடி மண்தானே!"

"அதான் அக்கா, ஒரு பிடிதானே! நாளைக்குச் சேர்த்து எடுத்தாப் போச்சு!"

சூசன்னாள் கெட்டவள் இல்லை. ஒருநாள் கரையில் செத்த மீன் ஒதுங்கியிருக்கும். ஒருநாள் பக்கத்து நத்தைக்கு உடம்பு சுகமிருக்காது. ஒருநாள் சும்மா அலுப்பாக இருக்கும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

கரைப் புதரில் ஒரு செம்போத்துப் பறவை சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தது. நண்டு தின்னும் பறவை அது.

"மருமகளே! இன்னைக்குக் குளத்துல தண்ணி இருக்கா, இல்லையா?"

"இருக்கு மாமா!" என்பாள் சூசன்னாள்.

"அப்புறம் எதுக்கு அவசரம்? போய்ச் சாப்பிடு!"

செம்போத்து சொன்னதில் பொய்யே இல்லை. அன்றன்றைக்கு அது உண்மைதான். எனக்கு அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சூசன்னாள் தின்றாள், பெருத்தாள். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒருநாள் குளம் வெடித்துக் கிடந்தது. சூசன்னாளின் வளையில் ஈரமே இல்லை. அவள் இப்போது தோண்டிப் பார்த்தாள். களியாக இருந்தபோது தொடாத மண், கல்லாக இறுகியிருந்தது. அவள் அக்காளிடம் ஓடினாள்.

"அக்கா! உள்ளே விடு! உடம்பெல்லாம் எரியுது!"

லீதியாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சட்டென்று வெளியே வந்தாள்.

"நீ உள்ளே போடி! நான் வெளியே இருந்துக்கிறேன்!"

சூசன்னாள் நுழைந்தாள். வாசலிலேயே ஓடு சிக்கிக்கொண்டது. அது லீதியாள் தன் உடம்பின் அளவுக்குத் தோண்டிய வளை. லீதியாள் வாசலை இடித்து அகலமாக்கப் பார்த்தாள். அவள் கொடுக்கு ஒடிந்தது. மண் அசையவில்லை.

"அக்கா, எனக்காக ஜெபம் பண்ணேன்!"

"பண்ணிக்கிட்டேதான் இருக்கேன்! நீயும் கூப்பிடு!"

"எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியலையே அக்கா!" என்று சூசன்னாள் அழுதாள். பிறகு, "கர்த்தாவே" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வந்தது. அவர் கேட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

புதரிலிருந்து செம்போத்து நிதானமாக நடந்து வந்தது.

"இன்னைக்குத் தண்ணி இல்லை, மருமகளே!" என்றது. இதுவும் உண்மைதான்.

சூசன்னாள் சிக்கிய ஓட்டை வாசலிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அக்காளைப் பிடித்து வளைக்குள் தள்ளினாள். உள்ளே போக முடியாத தன் பெரிய உடம்பை வாசலுக்குக் குறுக்கே வைத்து அடைத்துக்கொண்டாள். உள்ளே இருட்டானது. லீதியாள் அலறினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் மறுபடியும் வெளிச்சம் வந்தது.

பிறகு மழை பெய்தது. குளம் நிறைந்தது. இப்போதும் காலை மணி அடித்ததும் லீதியாள் ஒற்றைக் கொடுக்கால் மண் எடுக்கிறாள். பக்கத்தில் காலியாகக் கிடக்கும் வளையைப் பார்த்து, "சூசன்னா, எழுந்திரு! ஒரு பிடி மண்தானே!" என்கிறாள். பிறகுதான் இரை தேடப் போகிறாள்.

பிள்ளைகளே, பெரியவர்களே, விசுவாசமும் அன்றன்று காலையில் அவரவர் கையால் தோண்ட வேண்டிய வளைதான். உயிரையே கொடுக்கும் அன்பு இருந்தாலும், வறட்சி நாளில் ஒருவர் தோண்டியதில் இன்னொருவர் குடியேற முடியாது.