உலை கொதிக்கும் நேரம்

மலையடிவாரத்து மடம் ஒன்றின் சமையற்கட்டில் ஒரு விதி இருந்தது. அடுப்புப் பற்றவைத்ததிலிருந்து படையல் மணி அடிக்கும்வரை உள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது. வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவர் நல்லசிவம். சமையற்கட்டு அவர் பொறுப்பு. வயது ஐம்பத்தெட்டு ஆகியும் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். மடத்தின் குரு அவரைவிடப் பத்து வயது இளையவர்.

ஒருநாள் பிற்பகல் நல்லசிவம் குருவின் முன் வந்து நின்றார்.

"சாமி, நேத்து சமையல்காரர் ஏகாம்பரத்தை வேலையை விட்டு அனுப்பிட்டேன். சரியாத்தான் செஞ்சேன். ஆனா சோறு இறங்க மாட்டேங்குது."

"என்ன நடந்தது?"

"சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். அவர்கூடச் சமைக்கிற தணிகாசலம் உதடு கிழிஞ்சு தரையில கிடக்கிறார். ஏகாம்பரம் ஓங்கின கையோட நிக்கிறார். ஏன் அடிச்சீங்கன்னு மூணு தடவை கேட்டேன். கல்லு மாதிரி நின்னார். தணிகாசலம்தான் சொன்னார், சும்மா இருந்த தன்னை அடிச்சுட்டாருன்னு."

"எப்போ கேட்டீங்க?"

"அப்பவேதான். உலை கொதிச்சுக்கிட்டு இருந்தது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"மணி அடிச்ச பிறகு ஏகாம்பரம் வந்தாரா?"

"வந்தார், சாமி. சமையற்கட்டு வாசல்ல நின்னார். இனி என்ன பேச்சுன்னு கதவைச் சாத்திட்டேன்."

"அந்தப் பேச்சைக் கேட்டுட்டு வாங்க."

மறுநாள் காலை நல்லசிவம் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனார். ஏகாம்பரம் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். பாதம் முழுக்கக் கட்டு.

"கஞ்சி வடிக்கிறப்போ எனக்கும் தணிகாசலத்துக்கும் உரசல், ஐயா. கோபத்துல அவர் கொதிக்கிற கஞ்சியை என் கால்ல ஊத்திட்டார். கை தானா ஓங்கிடுச்சு. அடிச்சது தப்புதான். ஆனா, சுட்டப்பகூட நான் கத்தலை."

வேலையை விட்டு அனுப்பிய அன்று ஏகாம்பரம் நொண்டிக்கொண்டே வெளியே போனதை நல்லசிவம் பார்த்திருந்தார். திமிரில் மெதுவாக நடக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது அதை நினைக்க அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

"என்னை மன்னிச்சிடுங்க. திரும்பி வந்துடுங்க, ஏகாம்பரம்."

"அடிதடின்னு மடமே விரட்டினவனை வேற எந்த ஹோட்டல்ல சேர்ப்பாங்க? வரத்தான் வேணும். ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, ஐயா. அடுத்த தடவை நீங்க கேட்டா நான் பேசணுமா, பேசக் கூடாதா?"

பதினாறு வருஷமாக அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவர் நல்லசிவம். எழுந்து வந்துவிட்டார்.

வந்த வேகத்தில் நேரே குருவிடம் போனார். மூச்சு வாங்கியது.

"சாமி, தணிகாசலம் சொன்னது பொய். கஞ்சியை ஊத்தினதே அவர்தான். இந்த நிமிஷமே அவரை வெளியே அனுப்பப் போறேன்."

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"இதோ, போய்க் கேட்கிறேன்."

குரு சமையற்கட்டின் பக்கம் பார்த்தார். கூரைக்கு மேலே புகை போய்க்கொண்டிருந்தது.

"மணி அடிக்கட்டும். அதுவரைக்கும் நீங்க வாசல்ல நில்லுங்க. ஏகாம்பரம் நின்ன இடத்துல."