பத்துப் புள்ளி மாப்பிள்ளை

ஆலங்குழியில் ஒரு மாடி வீடு. அதில் மூன்று பேர் இருந்தார்கள். அறிவு மட்டும் இன்னும் குடிவரவில்லை. மூத்தவன் மாசிலாமணிக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அடுத்தவன் தம்பி நடேசன். மூன்றாமவர் இவர்களின் தாய்மாமன் சிவக்கொழுந்து, நெல் மண்டியில் முப்பது வருஷம் மரக்கால் பிடித்து அளந்தவர்.

மாசிலாமணிக்குப் பதினோரு இடம் பார்த்து, பதினொன்றும் தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டாவது எழிலரசி, மஸ்கட்டில் நர்ஸ். அன்று நாலு மணிக்கு அவளுக்கு அரை மணி ஓய்வு. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதாகவும், பிடித்தால் கல்யாணம், இல்லாவிட்டால் வேறு இடம் என்றும் தரகரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். இதற்காகவே முந்தின நாள் ஓர் ஆள் வந்து நெட் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. சொஜ்ஜி, பஜ்ஜி தயார். மாசிலாமணி பட்டு வேட்டியில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தான். மணி இரண்டாகியும் நெட்தான் வரவில்லை.

நடேசன் தன் பட்டன் போனில் சேவை மையத்தைக் கூப்பிட்டான். ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

"மோடத்தோட ஒயரைப் பிடுங்கிட்டு, பத்து எண்ணி, திரும்ப மாட்டுங்க சார்."

எண்ணுவதென்றால் மாமாதானே? ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நெல் அளக்கிற ராகத்தில் ஆரம்பித்தார். "லாபம்... ரெண்டு... மூணு..."

"நிறுத்துங்க மாமா. ஒண்ணு எங்கே?"

"லாபம்தான்டா ஒண்ணு. நெல்லு அளக்கறப்ப முதல் மரக்காலை அப்படித்தானே சொல்வோம்?"

"நமக்குத் தெரியும். மோடத்துக்குத் தெரியுமா?"

மாமா ஒயரைப் பார்த்தார். "தெரியாதுதான். ஆனா லாபத்தை விட்டுட்டு எண்ணினா வீடு விளங்காது மாப்ளே."

இரு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் மாமா "லாபம்" என்று சொல்லும் அதே நொடியில் நடேசன் "ஒண்ணு" என்று சொல்லிவிடுவதாக முடிவாயிற்று. இரண்டையும் சேர்ந்து சொல்லிப் பழகவே அரை மணி நேரம் பிடித்தது. எண்ணி மாட்டினார்கள். நெட் வரவில்லை.

"மோடத்தை உயரமான இடத்துல வைங்க சார். அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாது" என்றாள் அந்தப் பெண்.

வீட்டிலேயே உயரம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. அக்கம்பக்கத்தில் நீள ஒயர் இரவல் வாங்கி, மோடத்தைத் தொட்டியின் மேல் ஏற்றினார்கள். இப்போது நடுவில் தளம் இருந்தது.

"இடிச்சிடலாமா?" என்றான் நடேசன்.

"கடப்பாரையை இரவல் குடுத்திருக்கோமே" என்று மாமா வருத்தப்பட்டார்.

வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரும் மாடிக்குப் போயிற்று. கூடவே மேசையும், பஜ்ஜியும், மாப்பிள்ளையும். பஜ்ஜி வாசனைக்குக் காக்கைகள் வந்து நடுவில் பறந்தன. எதுவும் இருக்கக் கூடாதென்றால் காக்கை மட்டும் இருக்கலாமா? மாசிலாமணி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒட்டடைக் கம்பால் விரட்டினான்.

மணி மூன்று ஐம்பது. அவன் கம்பைக் கீழே போட்டான். கண் கலங்கிவிட்டது. "பன்னெண்டாவதும் போச்சா மாமா?" என்றவன், தம்பியிடமிருந்து போனைப் பிடுங்கினான். "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். என் வாழ்க்கைம்மா இது."

"அழாதீங்க சார். திரையில என்ன தெரியுது?"

"பாஸ்வேர்டு கேக்குதும்மா. காலையிலேருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "குடுக்கலையா சார்?"

மாசிலாமணி தம்பியைப் பார்த்தான். நடேசன் நெஞ்சை நிமிர்த்தினான். "எப்படிண்ணே குடுப்பேன்? நேத்து வந்தவரு என் காதுல சொல்லிட்டு, யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னாரு. சத்தியம் பண்ணியிருக்கேன். இந்தக் கம்ப்யூட்டர் இன்னிக்குக் காலையிலதான் வீட்டுக்குள்ள வந்துச்சு. அது எப்படிப்பட்டதோ!"

"நியாயமான பேச்சு" என்றார் மாமா.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். "நீங்க என்ன அடிச்சாலும் புள்ளி புள்ளியாத்தான் விழும் சார். யாருக்கும் தெரியாது."

நடேசன் அரை மனதோடு ஒப்புக்கொண்டான். இருவரையும் முதுகு காட்டி நிற்கச் சொன்னான். தானும் கண்ணை மூடிக்கொண்டான். அதனால் ஆறு முறை தப்பாகி, ஏழாவது முறை பத்துப் புள்ளியும் சரியாக விழுந்தது. நெட் வந்தது.

சரியாக நாலு மணிக்குத் திரையில் எழிலரசி, வெள்ளை உடுப்பில். மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"வணக்கம். தரகர் உங்க பேரு மணின்னு மட்டும்தான் சொன்னாரு. முழுப் பேரை நீங்களே சொல்லுங்களேன்."

"மா..." என்று தொடங்கினான். நடேசன் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினான். "அண்ணே, சொல்லிடாதே! அதுதான் இது!"

மாசிலாமணிக்கு மெல்ல உறைத்தது. நெட் கொடுத்த ஆள், வீட்டுக்கு மூத்தவன் பேரையே இங்கிலீஷில் பத்தெழுத்துப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருஷமாக ரேஷன் கடையிலும் ரயிலடியிலும் கேட்டவர்களிடமெல்லாம் உளறியிருக்கிறோமே என்று பதறி, தம்பியின் கை மேல் தன் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டான். அரை மணியும் தலையை மட்டும் ஆட்டினான்.

எழிலரசி பேசினாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுவரைக்கும் பார்த்த மாப்பிள்ளைங்க ஒருத்தரும் என்னைப் பேசவே விடல. எனக்குப் பரிபூரண சம்மதம்."

ஆவணியில் முகூர்த்தம். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன் பிழை பார்க்க மாமாவும் நடேசனும் அச்சகத்துக்குப் போனார்கள். மணமகள் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் மேலே, திருநிறைச்செல்வன் என்பதற்குப் பக்கத்தில் வரிசையாகப் புள்ளிகள். மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் புள்ளியில் விரலை வைத்து "லாபம்" என்றார். அதே நொடியில் நடேசன் "ஒண்ணு" என்றான்.

பத்தும் சரியாக இருந்தது. "மாப்பிள்ளை பேருல ஒரு பிழையும் இல்ல, அடிச்சிடுங்க" என்றார் மாமா.